எஞ்சின் வேலை முடிந்தும் டேப்பட் சத்தமா? ஸ்பேனரை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஓடி ஓடித் தேய்ந்த எஞ்சினில் டேப்பட் சத்தம் (வால்வுகளைத் திறக்கும் சாமான்கள் தட்டுகிற டிக் டிக்) வந்தால் பெரும்பாலும் அந்தச் சாமான்களுக்கும் வால்வு நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி கூடியிருக்கும், ஃபீலர் கேஜை (அளவு குறித்த மெல்லிய தகடுகளை) வைத்துத் திருகைச் சரிசெய்தால் வேலை முடிந்தது. இறக்கி, பிரித்து, ஹெட்டை இழைத்து, வால்வு சீட் வெட்டி, மறுபடி கோத்து ஏற்றிய எஞ்சினில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே தேய்மானம் இல்லை, உயரங்கள்தான் மாறியிருக்கின்றன. கேமிலிருந்து (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மூக்குகள் உள்ள தண்டு) வால்வு நுனி வரை வரிசையாக நிற்கிற டேப்பட், புஷ்ராடு எனும் தள்ளுகம்பி, ராக்கர் எனும் நெம்புகோல் போன்ற சாமான்களில் ஏதோ ஒன்று முன்பைவிட நீளமாகவோ குட்டையாகவோ ஆகிவிட்டது. எது என்று தெரியாமல் திருகைத் திருகினால் சத்தம் போகலாம், கோளாறு உள்ளேயே இருக்கும்.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு தாளை எடுத்து, இந்த எஞ்சினில் என்னென்ன வெட்டினோம், எதையெல்லாம் மாற்றினோம் என்று எழுதிவிடுங்கள். விளைவுகள் இப்படி இருக்கும். வால்வு சீட்டை (வால்வு மூடி உட்காரும் வளையத்தை) வெட்டினால் வால்வு உள்ளே அமுங்கி உட்காரும், அதன் தண்டு நுனி மேலே வந்துவிடும், இடைவெளி குறையும். ஹெட்டையோ பிளாக்கையோ இழைத்தால் புஷ்ராட் எஞ்சினில் ராக்கர் கேமுக்கு அருகே வந்துவிடும், அங்கேயும் இடைவெளி குறையும். முன்பைவிடத் தடித்த ஹெட் கேஸ்கெட் போட்டால் இதற்கு நேர் எதிர். கேமை மறுபடி அரைத்து வாங்கியிருந்தால் அதன் உருண்டைப் பக்கம் சிறுத்திருக்கும், இடைவெளி கூடும். இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேரும்போது ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுவதும் உண்டு, ஒரே பக்கம் சேர்ந்து குடைசாய்ப்பதும் உண்டு.

கேம் மேலேயே இருக்கிற எஞ்சினில் ஹெட்டை இழைப்பதால் இடைவெளி மாறாது, ஏனென்றால் கேமும் வால்வும் அதே ஹெட்டில்தான் இருக்கின்றன. ஆனால் கேமுக்கும் கிராங்குக்கும் நடுவே தூரம் குறைகிறது, பெல்ட்டோ செயினோ அந்தத் தளர்ச்சியை டென்ஷனர் பக்கம் விட்டுவிட, கேம் டைமிங் (கிராங்கோடு ஒப்பிட்டு வால்வுகள் திறந்து மூடும் நேரம்) சற்றுப் பின்தங்கிவிடும். அதைப் பிறகு பார்க்கலாம்.

ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக், சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது

ஹைட்ராலிக் லிஃப்டர் (ஆயில் நிரம்பித் தானே இடைவெளியை ஈடுகட்டும் டேப்பட்) உள்ள எஞ்சின் என்றால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் முதல் சில விநாடிகள் சத்தம் வருவது சகஜம். வால்வு திறந்த நிலையில் நின்றுபோன லிஃப்டரிலிருந்து ஆயில் கசிந்து இறங்கியிருக்கும், பிரஷர் வந்ததும் நிரம்பிவிடும். புதிதாகக் கோத்த எஞ்சினில் முதல் ஓட்டத்தில் இது கொஞ்சம் நீளலாம். பத்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் ஆயில் அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் பம்பு காற்றை இழுக்கும், மிதமிஞ்சி ஊற்றியிருந்தால் கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், இரண்டிலும் லிஃப்டருக்குள் போவது நுரைதான். நுரை அமுங்கும், ஆயில் அமுங்காது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிரில் டிக் டிக் என்று அடித்துச் சூடானதும் மறைகிற சத்தம் டேப்பட்டாகவே இருக்க வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிந்தாலும் அச்சாக இதே சத்தம்தான், இரும்பு சூடாகி விரிந்ததும் இடுக்கு அடைபட்டுவிடும். எஞ்சின் வேலையில் மேனிஃபோல்டைக் கழற்றித்தானே மாட்டியிருப்பீர்கள்! மேனிஃபோல்டு ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ராக்கர் கவரைத் திறங்கள்.

சூடானாலும் நிற்காத சத்தம்

முதலில் அது வால்வுப் பக்கத்துச் சத்தம்தானா என்று உறுதி செய்ய வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று, எனவே வால்வுச் சத்தம் எஞ்சின் வேகத்தில் பாதிதான் இருக்கும். ஐட்லிங் 800 என்றால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 தடவை தட்டும், விநாடிக்கு ஆறேழு. காதால் எண்ண முடியாவிட்டாலும் வித்தியாசம் தெரியும், பிஸ்டன் சத்தம் இதைவிட இரு மடங்கு வேகம், இதைவிடக் கனம்.

ராக்கர் உள்ள எஞ்சினில் குற்றவாளியைக் கண்டுபிடிக்க, கவரைத் திறந்துவைத்து மெதுவாக ஐட்லிங்கில் ஓடவிட்டு, மெல்லிய ஃபீலர் பிளேடை ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். எதில் நுழைத்ததும் சத்தம் அடங்குகிறதோ அதுதான். ஆயில் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள், தளர்ந்த சட்டைக் கை வேண்டாம்.

ஆள் கிடைத்துவிட்டார், இடைவெளியை அளந்தால் கையேட்டில் சொன்னபடி கச்சிதமாக இருக்கிறது, ஆனாலும் தட்டுகிறது. இங்கேதான் பலர் திண்டாடுவார்கள். ராக்கரின் மூக்கைத் திருப்பிப் பாருங்கள். பழைய ராக்கரையே மாட்டியிருந்தால், வால்வு நுனி உரசி உரசி அங்கே ஒரு சிறு குழி விழுந்திருக்கும். ஃபீலர் பிளேடு தட்டையானது, அது குழியின் இரண்டு கரைகளிலும் பாலம் போட்டதுபோல நிற்கும், வால்வு நுனியோ குழிக்குள் போய்த் தட்டும். நீங்கள் 0.30 மி.மீ. என்று நினைக்கிற இடத்தில் உண்மையில் 0.40 இருக்கலாம். நகத்தை அந்த மூக்கின் மேல் இழுத்துப் பாருங்கள், விளிம்பில் நகம் தடுக்கினால் குழி இருக்கிறது. அதை மழமழவென்று தீட்டி வளைவைத் திரும்பக் கொண்டுவர முடியுமானால் செய்யலாம், இல்லையென்றால் ராக்கரை மாற்றுங்கள். இதை வைத்துக்கொண்டு டைட் செய்து சத்தத்தை அடக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

குழி இல்லையா? புஷ்ராடைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள், வளைந்திருந்தால் தத்தித் தத்தி உருளும். ராக்கர் ஷாஃப்டின் அடிப்பக்கம் தேய்ந்து ராக்கர் ஆடுகிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். கடைசியாக, உயரமான ராக்கரோ ராக்கரைத் தாங்கும் ஸ்டட்டோ புதிதாகப் போட்டிருந்தால், ராக்கர் கவரின் உட்புறத்தில் பளபளவென்று ஒரு தழும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்று நாள் தேடிய சத்தம் கவரில் இடிக்கிற சத்தமாக இருந்துவிட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

சத்தமே இல்லை, ஆனால் ஐட்லிங்கில் உதறுகிறது, மிஸ்ஸிங் இருக்கிறது

எனக்குச் சத்தம் போடுகிற எஞ்சினைவிட இதுதான் பயம். இடைவெளி போதாத வால்வு சத்தம் போடாது, முழுதாக மூடாது, அவ்வளவுதான். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியைச் சீட்டில் ஒட்டி உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்கு இறக்கிவிடுகிறது. சரியாக உட்காராவிட்டால் சூடு இறங்க வழியில்லை, அந்த இடுக்கு வழியாக நெருப்பும் பீறிடும், வால்வு விளிம்பு கருகி ஓரம் உடையும். புதிதாக லேப்பிங் செய்த (சீட்டோடு தேய்த்துப் பதித்த) வால்வு கொஞ்ச நாளில் கருகிப் போனால், சீட் வெட்டிய பிறகு இடைவெளியை யாரும் அளக்கவில்லை என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

கம்ப்ரெஷன் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு பக்கம். இதைவிடத் தெளிவாகச் சொல்வது காற்று ஏற்றிப் பார்ப்பது. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனைக் கம்ப்ரெஷன் டாப்பில் நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றிக் காதை வையுங்கள். சைலன்சரில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு, இன்டேக் வாயில் கேட்டால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். காற்று ஏறும்போது பிஸ்டன் சரியாக டாப்பில் இல்லையென்றால் கிராங்க் சட்டென்று சுழலும், ஸ்பேனரை அதில் மாட்டிவிட்டு நிற்காதீர்கள்.

இடைவெளி குறைவு என்று தெரிந்ததும், அளக்கும் முறையையும் ஒருமுறை சரிபாருங்கள். கேமின் மூக்கு முற்றிலும் விலகி, உருண்டைப் பக்கம் டேப்பட்டில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, வால்வுகள் முன்னும் பின்னும் ஒரே ஒழுங்கில் அமைந்த எஞ்சினுக்கு ஒன்பது கணக்கு சுலபம்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவது, ஐந்தாவது திறந்திருந்தால் நான்காவது, கூட்டினால் எப்போதும் ஒன்பது. மற்ற எஞ்சின்களில், ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் திறக்கத் தொடங்கும்போது அதன் இன்டேக்கைச் சரிசெய்யுங்கள், இன்டேக் திறந்து திரும்ப மூடி முடிக்கும் தறுவாயில் எக்ஸாஸ்டைச் சரிசெய்யுங்கள். எந்த அமைப்பானாலும் இது ஏமாற்றாது.

பிளேடு எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்று எழுத்தில் சொல்வது கஷ்டம்தான். தடித்த புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவும்போது கைக்குத் தெரிகிற அந்த மெல்லிய இழுவை போதும். சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு தடித்த பிளேடை எடுங்கள், அது நுழையக் கூடாது. ஒரு அளவு மெல்லியது தாராளமாகப் போய்வர வேண்டும். லாக் நட்டை இறுக்கியதும் திருகு லேசாகக் கூடவே சுற்றிவிடும், எனவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்காமல் அடுத்த வால்வுக்குப் போகாதீர்கள். கையேடு குளிர் அளவைச் சொல்கிறதா சூட்டு அளவைச் சொல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாக்கும் ஹெட்டும் அலுமினியமாக உள்ள புஷ்ராட் எஞ்சினில் சூடேறினால் எஞ்சின் புஷ்ராடைவிட அதிகம் வளரும், இடைவெளி கூடும். சூட்டு அளவைக் குளிரில் வைத்தால் ஓடும்போது அது வேறு எண்.

பக்கெட்டும் (வால்வு நுனி மேல் கவிழ்ந்த கிண்ணம்) ஷிம்மும் (உயரத்தைச் சரிக்கட்டும் தகடு) உள்ள எஞ்சினில் திருகே கிடையாது, கணக்குதான். இருக்கிற ஷிம் தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, வேண்டிய இடைவெளியைக் கழியுங்கள். ஷிம் 2.80, அளந்தது 0.12, வேண்டியது 0.20 என்றால் 2.72 ஷிம் போட வேண்டும். சீட் வெட்டிய எஞ்சினில் எல்லா வால்வுக்கும் மெல்லிய ஷிம்தான் தேவைப்படும், சில சமயம் அவ்வளவு மெல்லிய ஷிம் கிடைக்கவே கிடைக்காது. அப்போது தண்டு நுனியைக் கொஞ்சம் அரைக்கலாம், ஆனால் நுனியின் கெட்டியான தோல் மெல்லியது, அதைத் தாண்டிவிட்டால் நுனி காளானாக விரியும். ராக்கர் எஞ்சினில் அதிகம் அரைத்தால் ராக்கர் ஸ்பிரிங் மூடியிலேயே உட்கார்ந்துவிடும், மூடியை வால்வில் பிடித்திருக்கும் லாக் கழன்றால் வால்வு சிலிண்டருக்குள் விழும். அந்த நிலை வந்தால் புது சீட் அடிப்பதுதான் ஒழுங்கான வழி.

எல்லாம் மாட்டியாயிற்று, ஸ்டார்ட்டே ஆகவில்லை

ஸ்டார்ட்டர் வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் விர்ரென்று லேசாகச் சுற்றினால் எந்தச் சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் இல்லை என்று அர்த்தம். உடனே நிறுத்துங்கள். காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: கேம் டைமிங், அல்லது ஹைட்ராலிக் லிஃப்டரை அதிகமாக அமுக்கிவிட்டது.

இரண்டாவதை நானே செய்திருக்கிறேன். ஹைட்ராலிக் லிஃப்டரில் இடைவெளி வைப்பதில்லை. புஷ்ராடின் ஆட்டம் தீர்ந்து பூஜ்யம் ஆன இடத்திலிருந்து நட்டை இன்னும் அரை முதல் முக்கால் சுற்று இறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பூஜ்யத்தைக் கண்டுபிடிக்க, புஷ்ராடை இரு விரலால் உருட்டிக்கொண்டே நட்டை இறக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் ஆயில் நிரம்பாத புது லிஃப்டரில் இதைச் செய்தேன். உள்ளே இருப்பது ஒரு பூஞ்சை ஸ்பிரிங்தான், ஆகவே புஷ்ராடு பாட்டுக்கு உருண்டுகொண்டே இருந்தது, அது உருளாமல் நின்ற இடத்தை நான் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் லிஃப்டரின் பிளஞ்சர் அங்கே அடிமட்டம் தொட்டிருந்தது. அதற்கு மேல் முக்கால் சுற்று வேறு! எல்லா வால்வும் நிரந்தரமாகத் திறந்தே இருந்தன, பிஸ்டன் இடிக்காதது என் நல்ல நேரம். இப்போது உருட்டுவதில்லை, புஷ்ராடை இரு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுகிறேன், அந்தச் சின்ன டக் டக் தீர்கிற இடம்தான் பூஜ்யம்.

நட்டைத் திருகும்போது ஒரு கணக்கு பலருக்குப் பிடிபடுவதில்லை. 3/8 அங்குல, 24 புரி ஸ்டட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு நட் 1.06 மி.மீ. இறங்கும். ராக்கர் வால்வு நுனியில் ஊன்றிக்கொண்டு சாய்வதால் புஷ்ராடு முனை அதைவிட அதிகம் இறங்கும், 1.5 விகித ராக்கரில் ஏறக்குறைய 1.7 மடங்கு. அரைச் சுற்று என்பது லிஃப்டருக்குள் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. நட்டால் அளவு வைக்க முடியாத, இறுக்கினால் ஒரே இடத்தில் நிற்கிற ராக்கர் என்றால், மாற்றிப்போட வேண்டியது புஷ்ராடு நீளம். அதற்கு நீளம் மாற்றக்கூடிய அளவு புஷ்ராடு ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கண்ணளவில் வேண்டாம்.

ஆயில் நிரம்பிய லிஃப்டரை அமுக்கியிருந்தால், அது கசிந்து இறங்க அரை மணி நேரம் விடுங்கள், பிறகுதான் கிராங்கைச் சுற்ற வேண்டும், அதுவும் முதலில் கையால்.

டைமிங் விஷயம் சுருக்கம்தான். கிராங்க் பல்சக்கரத்தில் 20 பல் என்றால் ஒரு பல் தப்பினால் 18 டிகிரி. எஞ்சின் ஓடினாலும் பிக்கப் இருக்காது, கேம் பின்தங்கியிருந்தால் எல்லாச் சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் ஒரே மாதிரி குறைவாகக் காட்டும். எல்லாவற்றிலும் ஒரே அளவு குறைவு என்றால் வால்வுகளைக் குறை சொல்லாமல் பல்சக்கரங்களில் உள்ள டைமிங் குறிகளைப் பாருங்கள். டென்ஷனர் பிடித்த பிறகு கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிவிட்டுப் பார்த்தால்தான் குறி உண்மையைச் சொல்லும்.

சரியாக வைத்த இடைவெளி சில நாளில் மாறிவிடுகிறது

எல்லா வால்விலும் கொஞ்சம் குறைந்தால் பயம் இல்லை. புது சீட்டும் வால்வும் ஒன்றுக்கொன்று பதிகின்றன, 500 முதல் 1000 கி.மீ. ஓடியதும் மறுபடி வைத்துவிட்டால் நிலைத்துவிடும். ஒரே வால்வில் குறைந்துகொண்டே போனால் அந்த சீட் அமுங்குகிறது, அல்லது வால்வு கழுத்து நீள்கிறது. பின்னதென்றால் ஓட்டுவதை நிறுத்துங்கள்.

ஒரே வால்வில் கூடிக்கொண்டே போவது வேறு கதை. லாக் நட் தளர்ச்சியா, அடித்துப் பொருத்திய ஸ்டட் மேலே உருவிக்கொண்டு வருகிறதா என்று முதலில் பாருங்கள். பக்கத்து ஸ்டட்களின் மேல் ஒரு நேர்விளிம்பை வைத்தால் தெரிந்துவிடும். இரண்டும் இல்லையென்றால் கேமின் மூக்கும் டேப்பட்டின் அடியும் கரைகின்றன. தட்டை டேப்பட் கேமில் புது எஞ்சினுக்கு இது முதல் அரை மணி நேரத்திலேயே நடக்கும். டேப்பட்டின் அடிப்பக்கம் உண்மையில் லேசாகக் குவிந்தது, கேமின் முகம் லேசாகச் சரிந்தது, அதனால் ஓடும்போது டேப்பட் தன்னைத்தானே சுற்றிக்கொள்ள வேண்டும். சுற்றாவிட்டால் ஒரே கோட்டில் உரசிக் கரைந்துவிடும். புஷ்ராடில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிட்டு ஓடவிடுங்கள், கோடு சுழன்றால் நிம்மதி. பழைய டேப்பட்டைப் புதுக் கேமில் போடாதீர்கள். முதல் ஓட்டத்தை ஐட்லிங்கில் விடாமல் 2000–2500 சுற்றில் இருபது நிமிடம் வைத்திருங்கள், ஏனென்றால் கேமுக்கு ஆயில் வருவது கிராங்க் தெறிப்பதால்தான்.

மேலே ஆயிலே வரவில்லை

ராக்கர்கள் காய்ந்து, நீலம் பாரித்து, கீச்சிட்டால், பம்பைச் சந்தேகிக்கும் முன் நம் கைவேலையைச் சந்தேகிக்க வேண்டும். ஹெட் கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு ஆயில் துளை அடைபட்டிருக்கிறதா? கேம் புஷ் துளை பிளாக் துளையோடு நேராக இருக்கிறதா? ராக்கர் ஷாஃப்ட் தலைகீழாக மாட்டியதா? சில எஞ்சின்களில் ஒரு குறிப்பிட்ட போல்ட்டின் இடுப்பு மெலிந்து, அதைச் சுற்றித்தான் ஆயில் மேலே ஏறும். எல்லா போல்ட்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்று இடம் மாற்றிப் போட்டால் தீர்ந்தது.

காலையில் நீலப் புகை

ஒரு கொப்பளிப்பு வந்து நின்றுவிடுகிறதா, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுத் திரும்ப மிதிக்கும்போது வருகிறதா, வால்வு சீலைப் பாருங்கள். லாக் பள்ளத்தின் கூர்விளிம்பு சீல் உதட்டைக் கிழித்திருக்கும், அதன் மேல் பிளாஸ்டிக் உறை போட்டு ஆயில் தடவி இறக்கியிருக்க வேண்டும். புது சீலும் நிற்கவில்லை என்றால் வால்வுத் தண்டு ஓடும் கைடில் ஆட்டம்.

ரேஸ் செய்தால் மட்டும் தடுமாறுகிறது

சீட் வெட்டியதில் தண்டு மேலே வந்தபோது ஸ்பிரிங் உட்காரும் உயரமும் கூடிவிட்டது, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. வேகத்தில் வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கிறது. வெட்டிய அளவுக்கு ஸ்பிரிங்கின் அடியில் ஷிம் போடுங்கள். ஆனால் போட்ட பிறகு, வால்வை முழுக்கத் திறந்து சுருள்களுக்கு நடுவே மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை மி.மீ. மிச்சம் இருக்கிறதா, ஸ்பிரிங் மூடிக்கும் சீலுக்கும் நடுவே அதே ஒன்றரை இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். கேம் மாற்றியிருந்தாலோ ஹெட்டை அதிகம் இழைத்திருந்தாலோ, பிஸ்டன் தலையில் களிமண் உருண்டையை ஒட்டி, ஹெட்டை மாட்டிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, கழற்றிக் களிமண்ணைக் குறுக்கே வெட்டி அளப்பது பழைய வழி, இன்றும் நல்ல வழி. ஹைட்ராலிக் என்றால் அந்த ஒரு சோதனைக்கு மட்டும் திட லிஃப்டரையும் மெல்லிய ஸ்பிரிங்கையும் மாட்டிக்கொள்ளுங்கள். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. களிமண் மிஞ்ச வேண்டும், அதற்குக் குறைந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.